இல்லாததைத் தேடிய குற்றம்

உலகம் தோன்றிய நாள் முதல் எந்த அலுவலகமும் செய்யத் துணியாத ஒரு மகத்தான காரியத்தை நமது வியாபாரப் பெயர்ப் பதிவு இயக்ககம் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குச் செய்யவிருக்கிறது என்றும், அந்த வரலாற்று நிமிடத்தில் ஊழியர் எவரும் கழிப்பறையில் இருக்கலாகாது என்றும் சுற்றறிக்கை அறிவித்தது.

காரியம் என்னவென்று அதில் இல்லை. கீழே இயக்குநரின் கையெழுத்து இருந்தது. வழக்கம்போல அது சுற்றறிக்கையைவிடப் பெரியதாக இருந்தது.

இயக்ககத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் ஒருவர் கடை வைக்க வேண்டுமானால், தான் நினைத்திருக்கும் பெயரை வேறு யாராவது ஏற்கெனவே வைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று இங்கே வந்து கேட்க வேண்டும். இருக்கிறது, இல்லை; மொத்தம் இரண்டே பதில்கள். அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நான்கு மாடிக் கட்டடமும் அது நிறைய ஆட்களும் இருந்தார்கள். முடிதிருத்தும் கடைக்குப் பெயர் கேட்டுப் போன ஒருவர், பதில் வருவதற்குள் கத்தரிக்கோலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. இயக்ககம் இதை வன்மையாக மறுத்திருக்கிறது. பதில் இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் இயக்குநர் அறையில் சுவரோரமாக நின்றார்கள். மேஜைமேல் ஒரு புதிய கம்ப்யூட்டர். அதன் குறுக்கே ரிப்பன். பக்கத்தில் ஒப்பந்த முறையில் வேலை பார்க்கும் நெட்வொர்க்காரர், கல்யாண வீட்டில் தப்பான பந்தியில் உட்கார்ந்துவிட்டவர் மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்.

இயக்குநர் பேசினார்.

"நம்ம கட்டடத்துல கம்ப்யூட்டர் எல்லாம் நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கு. எதைப் பத்தி விசாரிக்குது, யாரைத் தேடுதுன்னு இதுவரைக்கும் இந்த நாற்காலியில இருந்த யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னாடி இருந்தவருக்கு, பாவம், தெரிஞ்சுக்கணும்னுகூடத் தெரியாது. இன்னையிலிருந்து எனக்குத் தெரியாம இங்க ஒரு பேரும் உச்சரிக்கப்படாது."

கைதட்டல். பிறகு நெட்வொர்க்காரர் விளக்கினார். கம்ப்யூட்டருக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். நாம் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினாலும், பிரிண்டருக்கு ஒரு தாளை அனுப்பினாலும், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியிடம் போய், "இந்தப் பேருக்கு என்ன எண்?" என்று அது கேட்கும். பெட்டி எண்ணைச் சொல்லும். அல்லது அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும். இந்தப் புதிய கருவி அந்தக் கேள்வி பதிலையெல்லாம் போகிற வழியிலேயே பிடித்து வரிசையாகக் காட்டும்.

"ஆனா கேள்வியை மட்டும்தான் சார் பார்க்கறோம். அங்க போனாங்களா, போய் என்ன பண்ணாங்கன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது."

"கேள்வி போதும்யா. கேள்வி கேக்கறவனைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்."

ரிப்பன் வெட்டப்பட்டது. தொடங்குவதற்கான பொத்தான் நீல நிறத்தில், சுறாமீனின் முதுகுத் துடுப்புபோல இருந்தது. பாய்ந்து பிடிப்போம் என்று அதற்குப் பொருள் என்று துணை இயக்குநர் எடுத்துச் சொன்னார். இயக்குநர் அழுத்தினார். திரையில் வெளிர்நீல வரிகள் மளமளவென்று இறங்கின.

"என்னய்யா இது, ரெண்டு பக்கமும் எண்ணா இருக்கு? எனக்கு ஆள் பேர் வேணும்."

"நம்ம ஆளுங்க பேரை நான் எழுதி வெச்சுடறேன் சார். வெளி எண்ணுக்கும் பேர் வேணும்னா இந்தக் கட்டத்துல ஒரு டிக் போடணும். ஆனா போட்டா, இந்த மெஷினே ஒவ்வொரு புது எண்ணுக்கும்..."

"போடுய்யா."

போட்டார். மிச்ச வாக்கியம் அவர் வாயிலேயே தங்கிவிட்டது. ஒப்பந்த ஊழியர்களின் வாயில் இப்படிப் பாதி வாக்கியங்கள் நிறையக் கிடக்கும்.

அன்றே 'பெயர் விசாரணைக் கண்காணிப்புக் குழு' பிறந்தது. இயக்குநர் தலைவர். துணை இயக்குநர் செயலர். மூன்றாமவர் சட்ட ஆலோசகர். எதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம். இயக்குநரைக் கண்காணிப்பது மரியாதையாக இருக்காது என்பதால், அவருடைய மேஜையில் இருந்த புதிய கம்ப்யூட்டர் மட்டும் திரையில் தெரியாதபடி வடிகட்ட ஏற்பாடு செய்தார் துணை இயக்குநர்.

வடிகட்டுவதற்குத் திரையின் மேலே ஒரு நீளக் கட்டம் இருந்தது. அதில் சரியாகத் தட்டினால் பச்சையாகும், தப்பாகத் தட்டினால் சிவப்பாகும். துணை இயக்குநர் எப்போது தட்டினாலும் சிவந்தது. ஒரு நாள் கை தவறிப் பச்சையாகிவிட்டது. அவர் எழுந்து நின்றார்.

"சார், ஒப்புதல் வந்துடுச்சு!"

"யார் ஒப்புதல்?"

"அது தெரியல சார். ஆனா பச்சை. மேலிடமாத்தான் இருக்கணும்."

முதலில் சிக்கியது வாசலில் இருந்த வருகைப்பதிவு இயந்திரம். விரலை வைத்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் சாது. அது சரியான நேரம் தெரிந்துகொள்வதற்காக வெளியூர்க் கடிகாரம் ஒன்றின் பெயரை அவ்வப்போது விசாரித்து வந்திருக்கிறது. "கூடத்தில் நமக்கென்று ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கும்போது அந்நியரிடம் நேரம் கேட்டது ஏன்?" என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை தயாரானது. உரியவரிடம் நேரில் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே இயந்திரத்தின்மேல் ஒட்டினார்கள். விரல் வைக்கும் இடம் மறைந்துபோனதால் மறுநாள் குழு உட்பட மொத்த இயக்ககமும் விடுப்பில் இருந்ததாகப் பதிவானது. இயந்திரம் கெடுவுக்குள் பதில் தரவில்லை. மௌனம் சம்மதம் என்று கொண்டு, அதைக் கண்டித்து விட்டுவிட்டார்கள்.

அடுத்தது தபாலக்கா.

தரைத்தளத்தில் தபால் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். வருகிற கடிதத்துக்கும் போகிற கடிதத்துக்கும் முத்திரை குத்துவது வேலை. இயக்குநர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். கட்டடத்திலேயே வயதான கம்ப்யூட்டர் அவருடையது. மேல்மாடியில் ஒவ்வொருவரும் புதிது வாங்கும்போது பழசு ஒரு படி கீழே இறங்கும். இதற்குமேல் இறங்க மாடி இல்லாததால் அது அவர் மேஜையில் நின்றுவிட்டது.

அவருக்கு வந்த குறிப்பாணை இது: "தங்கள் கணினி, 'நற்பணி' என்னும் பெயரை நாள் முழுவதும் விசாரித்து வந்துள்ளது. அப்படி ஒரு பெயர் இல்லை என்று ஒவ்வொரு முறையும் தெளிவாகப் பதில் கிடைத்த பின்னரும் விசாரிப்பதை நிறுத்தவில்லை. இல்லாத ஒன்றை இடைவிடாது தேடிய குற்றத்திற்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?"

தபாலக்கா இரண்டு தடவை படித்தார். யாரோ சாமியாருக்குப் போக வேண்டியது தன் மேஜைக்கு வந்துவிட்டது என்று நினைத்து உறையைத் திருப்பிப் பார்த்தார். தன் பெயர்தான்.

நற்பணி என்பது முந்தைய இயக்குநர் உருவாக்கிய அலுவலக வலைப்பக்கம். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அவர் சிரித்தபடி வணக்கம் சொல்வார். புதிய இயக்குநர் பதவியேற்றதும் போட்ட முதல் கையெழுத்து அந்தச் சிரிப்பை ஒழிப்பதற்குத்தான். பக்கம் போயிற்று, பெட்டியிலிருந்து பெயரும் போயிற்று. ஆட்சி மாறிய விஷயத்தைத் தபாலக்காவின் கம்ப்யூட்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பழைய விசுவாசத்தில் 'நற்பணி எங்கே, நற்பணி எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

துணை இயக்குநர் தரைத்தளத்துக்கே இறங்கி வந்தார். அது பெரிய விஷயம்.

"ஏன்க்கா, அவரை இன்னுமா தேடறீங்க?"

"யாரை சார்?"

"சும்மா சொல்லாதீங்க. பெரியவர் மனசு புண்பட்டிருக்கு. இந்த மன்னிப்புக் கடிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, விட்டுடுவார். இல்லேன்னா எல்லைக் கிளைக்கு மாத்தல்தான். நான்கூடத் தடுக்க முடியாது."

எல்லைக் கிளை பஸ்ஸில் ஒரு பகல் தூரம். ஒரு அறை, ஒரு நாற்காலி, அதில் ஒரு பல்லி.

கடிதம் தயாராகவே இருந்தது. "நான் இல்லாததைத் தேடினேன். இனித் தேட மாட்டேன். தேடத் தோன்றினால் உரிய வழியில் அனுமதி பெற்றுத் தேடுவேன்."

தபாலக்கா வீடு அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. மதிய இடைவேளையில் தினமும் ஓடிப்போய் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஊசி போட்டு, சோறு போட்டுவிட்டு வருவார். வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். சர்க்கரை கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வாயை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"என்ன, இன்னைக்கு நடையே சரியில்லையே? செருப்பு சத்தம் சண்டை போட்டுக்கிட்டு வருது."

"என்மேல குத்தம் சொல்லிட்டாங்க. எதையோ தேடினேனாம்."

"கிடைச்சுதா?"

"இல்லாததைத் தேடினேனாம்."

"அதான் எனக்கே தெரியுமே. கட்டின நாள்லேர்ந்து என்கிட்ட அறிவைத் தேடறியே."

"விளையாடாதீங்க. மன்னிப்பு எழுதித் தரணும். இல்லேன்னா எல்லைக்கு மாத்திடுவாங்களாம்."

அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். தபாலக்கா மருந்தை ஊசியில் ஏற்றினார்.

"அங்கேருந்து இங்க ஊசி போடற அளவுக்கு உன் கை நீளம் இல்ல," என்றார் அவர். "போட்டுக் குடுத்துடு. நம்ம என்ன ராஜா வீட்டுப் பிள்ளைங்களா, மானம் ரோஷம்னு நிக்கறதுக்கு?"

"நீங்களா இப்படிப் பேசறீங்க?"

"நான்தான் பேசறேன். ஊசி எனக்குத்தானே? அவனுங்களுக்கு அறிவில்லைங்கறது வேற விஷயம். பஸ்ஸை நிறுத்தினா எத்தனை பேர் ஜன்னல்கிட்ட வந்து, 'இது அந்த ஊர் போகுமா'ன்னு கேப்பான். போகாதும்பேன். சரின்னு நின்னுக்குவான். கேட்டதுக்கெல்லாம் ஒருத்தனைப் பிடிச்சு உள்ள வைக்க முடியுமா? ஆனா நீ போட்டுடு."

"போட மாட்டேன்."

"ஏன்டி?"

"செய்யாததைச் செஞ்சேன்னு ஒரு தடவை எழுதினா கை பழகிடும்ங்க. அப்புறம் வாரம் ஒரு தாள் வரும்."

"அப்ப எனக்கு ஊசி?"

"அதையும் நான்தான் போடுவேன்."

அவர் சிரித்தார். "ரெண்டும் எப்படிடி?" என்று கேட்டார். தபாலக்காவுக்கு அது தெரியவில்லை. சோற்றைப் பிசைந்து தட்டை அவர் கையில் கொடுத்தார்.

விசாரணை மறுநாள் காலை இயக்குநர் அறையில் கூடியது. தபாலக்கா நின்றார். உட்காரச் சொல்வதற்கு விதியில் இடமில்லை.

"நற்பணியை எதுக்குத் தேடினீங்க?" என்றார் இயக்குநர்.

"நான் தேடல சார். கம்ப்யூட்டர் தேடியிருக்கு."

"கம்ப்யூட்டர் யாரோடது?"

"உங்களோடது சார். இயக்ககத்தோடது."

துணை இயக்குநர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அதை எழுத வேண்டாம். அது முன்னாடி உட்கார்ந்திருந்தது யார்க்கா?"

"நான்தான். உட்கார்ந்திருந்தது குத்தமா சார்? பஸ் ஸ்டாண்டுல நின்னு, இந்த பஸ் எங்க போகுதுன்னு கேட்டா, போய்ட்டு வந்ததா அர்த்தமா?"

சட்ட ஆலோசகர் கண்ணைத் திறந்தார். "எந்த பஸ் ஸ்டாண்ட்?"

"பேச்சுக்குச் சொன்னேன் சார்."

"அலுவல் நேரத்திலா?"

அலுவல் நேரத்தில் பேருந்து நிலையத்தில் நின்றது இரண்டாவது குற்றமாகச் சேர்க்கப்பட்டது. ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு பெரிய மனிதருக்குரிய சோகத்தோடு பேசினார். "அக்கா, நான் கொடுமைக்காரன் இல்ல. யாரும் எதைக் கேட்டாலும் எனக்குக் கவலை இல்ல. என்னைக் கேட்டுட்டுக் கேளுங்கன்னுதான் சொல்றேன். நான் உட்கார்ந்திருக்கற கட்டடத்துல, எனக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தவரை ஒரு மெஷின் மறக்க மாட்டேங்குது. ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா? நிர்வாகம்னா என்ன? மறக்க வேண்டியதை மறக்கறதுதானே?"

துணை இயக்குநர் இதைக் குறித்துக்கொண்டு அடிக்கோடிட்டார். மன்னிப்புக் கடிதம் மேஜையில் நகர்ந்து வந்தது. மேலே பேனா.

தபாலக்கா பேனாவை எடுக்கவில்லை.

"மத்தவங்க யாரும் தேடலையா சார்? நான் ஒருத்திதானா? அந்த டிவியில காட்டுங்க. என் கண்ணால பார்த்துட்டு அப்புறம் போடறதா வேண்டாமான்னு சொல்றேன்."

குழு ஒரு கணம் யோசித்தது. ஆனால் கருவியைக் காட்டும்படி யாரும் இதுவரை இயக்குநரிடம் விரும்பிக் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்தது. சுறாத் துடுப்பைத் தானே அழுத்தினார். துணை இயக்குநர் மேல்கட்டத்தில் தட்டினார். சிவப்பு. அழித்துத் தட்டினார். சிவப்பு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அடர்ந்த சிவப்பு.

"நெட்வொர்க்கைக் கூப்பிடு!"

நெட்வொர்க்காரர் வந்தார். பெயர்க் கேள்விகளைக் காட்டு என்றார்கள். யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. அவர் மூன்றே எழுத்து தட்டினார். கட்டம் பச்சையானது. வெளிர்நீல வரிகள் பாய்ந்து இறங்கின.

தபாலக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்த தபாலைப் பிரிக்கிற பழக்கத்தில் உரக்கப் படித்தார்.

"இயக்குநர். இயக்குநர். இயக்குநர். இயக்குநர். இதோ தபால், நற்பணி. மறுபடி இயக்குநர். இயக்குநர். இது என்ன சார், அத்தனைக்கும் நேரா 'அப்படி ஒரு பெயர் இல்லை'ன்னு பதில் வந்திருக்கு? இயக்குநர். இயக்குநர்..."

"நிறுத்துங்க! என்னய்யா இது?"

நெட்வொர்க்காரர் திரையில் அந்த டிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். திங்கட்கிழமை முதல் வாயில் கிடந்த பாதி வாக்கியம் வெளியே வந்தது. "டிக் போடச் சொன்னீங்களே சார். எண்ணுக்கெல்லாம் பேர் வேணும்னு. அதான், புதுசா ஒரு எண் கண்ணுல பட்டா போதும், உங்க மெஷின் பெட்டிகிட்டப் போய் 'இது யாரு'ன்னு கேக்குது. முக்கால்வாசி எண்ணுக்குப் பேரே கிடையாது சார். இந்தக் கட்டடத்துலயே அதிகமா இல்லாததைத் தேடறது..." இங்கே அவர் பழக்கதோஷத்தில் மறுபடி நிறுத்திக்கொண்டார்.

நீல வரிக் கூட்டத்தில் எப்போதாவது ஒரு தபால், பணக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்த ஏழைச் சொந்தம்போல, ஓரமாக வந்து போயிற்று.

துணை இயக்குநர் சுதாரித்தார். "சார், இதுல குழப்பமே இல்ல. இல்லாததைத் தேடறது இயக்குநருக்குக் கடமை. தபால் பிரிவுக்குத்தான் குற்றம்."

"விதியில 'எவரேனும்'னு இருக்கு," என்றார் சட்ட ஆலோசகர், கண்ணைத் திறக்காமலே.

"தூங்கறீங்கன்னு நினைச்சேன்."

"தூங்கினாலும் 'எவரேனும்'தான்."

தபாலக்கா மன்னிப்புக் கடிதத்தை எடுத்து, திருப்பி, பேனாவோடு சேர்த்து இயக்குநர் பக்கம் தள்ளினார்.

"நீங்க மேல போடுங்க சார். நான் கீழ போடறேன். எனக்கு ஆட்சேபணை இல்ல. உங்க கையெழுத்துக்கு இடம் போதுமான்னு மட்டும் பார்த்துக்குங்க."

இயக்குநர் எழுந்தார். முகம் துணை இயக்குநர் தட்டிய கட்டத்தின் நிறத்துக்கு வந்திருந்தது.

"கேள்வி இருக்கறதாலதானே இத்தனை பிரச்சினை? கேள்வியே வேண்டாம்! அந்தப் பெட்டி எங்க இருக்கு?"

குழு ஊர்வலமாகப் படியிறங்கியது. படிக்கட்டுக்கு அடியில், துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவில், உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இதுதானா என்று இயக்குநர் இரண்டு முறை கேட்டார். அவர் எதிர்பார்த்தது இன்னும் கொஞ்சம் பெரிய எதிரியை.

"வயரைப் பிடுங்கு."

"சார், இதைப் பிடுங்கினா உள்ளுக்குள்ள எந்த மெஷினுக்கும்..."

"பிடுங்குய்யா!"

பிடுங்கினார்.

மேலே வந்து பார்த்தார்கள். வரிகள் தயங்கின, இரண்டு மூன்று தடுமாறி இறங்கின, பிறகு நின்றேவிட்டன. கேட்பதற்கு ஆளே இல்லை என்று தெரிந்ததும் அத்தனை கம்ப்யூட்டரும் வாயை மூடிக்கொண்டன. திரை அசையவில்லை.

ஊழியர்கள் எல்லோரையும் கூப்பிடச் சொன்னார் இயக்குநர். சுவரோரம் நிறைந்ததும் அசையாத திரையைக் கையால் காட்டினார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. இந்த இயக்ககத்தோட வரலாற்றுல முதல் தடவையா யாரும் எதையும் கேக்கல. ஒரு சந்தேகம் இல்ல. ஒரு விசாரிப்பு இல்ல. இதுதான் முழு ஒழுக்கம். இதைத்தான் நான் கனவு கண்டேன். இனிமே எந்த இயக்ககமும் நம்மைப் பார்த்துத்தான் கத்துக்கணும்."

கைதட்டல் அடங்கும் வரை தபாலக்கா காத்திருந்தார்.

"என் விஷயம் சார்?"

"முடிஞ்சுது. எல்லைக் கிளைக்கு மாத்தல். இன்னைக்கே கிளம்பணும்."

"எழுத்துல குடுங்க. அச்சடிச்சு, முத்திரை குத்தி. கையால எழுதின உத்தரவு செல்லாதுன்னு நீங்கதான் சார் விதி போட்டிருக்கீங்க."

"ரெண்டு நிமிஷத்துல கைக்கு வரும்!"

"வரட்டும். எங்க வீட்டுக்காரருக்கு ஊசி நேரம். போட்டுட்டு வந்து வாங்கிக்கறேன்."

யாரும் போகச் சொல்லவில்லை. அவர் போனார். ஊசி போட்டார், சோறு போட்டார், செருப்பு சத்தம் இன்றைக்கு நல்லா இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து தன் மேஜையில் உட்கார்ந்தார். மாலை வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் மதியமும் வீட்டுக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வந்தார். அதற்கு மறுநாளும்.

துணை இயக்குநர் உத்தரவோடு மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை.